ரேடியேட்டரில் தே தாரிக்: பழைய கார் எஞ்சினின் துருவைக் கழுவுவது எப்படி

மாமாவின் பழைய புரோட்டோன் சாகா கார் என் கைக்கு வந்த முதல் தைப்பூசத்தில், பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற வழியிலேயே ரேடியேட்டர் தண்ணீர் கொதித்துவிட்டது. ஜாலான் உத்தாமாவில் வண்டிகள் நத்தை போல நகர்ந்துகொண்டிருந்தன. சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டி, சிவப்புக் கோட்டை எட்டிப் பார்த்தது. ஓரமாக நிறுத்தி, ஒரு மரத்தடியில் முக்கால் மணி நேரம் காத்திருந்து, துணியைப் போட்டு மெதுவாக மூடியைத் திறந்தேன். பக்கத்தில் மோர்ப் பந்தலில் நின்ற ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது என்ன, தே தாரிக்கா?" என்றார். கேலிதான். ஆனால் துருக் கலந்த தண்ணீரின் நிறம் அந்தப் பால் தேநீர் மாதிரி அப்படியேதான் இருந்தது.

மாமாவிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. "இத்தனை வருசமா பைப் தண்ணிதான் ஊத்துனேன். வண்டி ஓடலையா?" என்றார். ஓடியதுதான். அதனால்தான் இந்த விஷயம் யாருக்கும் உறைப்பதில்லை. துரு ஒரு நாளில் வண்டியை நிறுத்தாது.

முதலில் இந்தத் தண்ணீருக்கு எஞ்சினில் என்ன வேலை என்று பார்ப்போம். எரிகிற பெட்ரோலின் சக்தியில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் வண்டியை நகர்த்த உதவுகிறது. மீதியெல்லாம் சூடு. அதில் ஒரு பெரும் பகுதி புகையோடு வெளியே போகிறது. இன்னொரு பகுதி எஞ்சினின் இரும்பு உடம்பில் ஏறுகிறது. அந்த உடம்பைத்தான் பிளாக் என்கிறோம். அதன் உள்ளே, பெட்ரோல் எரிகிற சிலிண்டர்களைச் சுற்றி, தண்ணீர் ஓடுவதற்கென்றே வார்த்த குடைவுகள் உண்டு. வாட்டர் பம்ப் தண்ணீரை அந்தக் குடைவுகளுக்குள் தள்ளுகிறது. அது பிளாக்கைச் சுற்றி, பிளாக்கை மேலே மூடியிருக்கும் ஹெட்டுக்கு ஏறி, சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வழியாக ரேடியேட்டருக்குப் போய், காற்றில் சூட்டைக் கொட்டிவிட்டு மறுபடி பம்புக்குத் திரும்புகிறது. சாகா மாதிரி சின்னக் கார்களில் மொத்தமே ஏறத்தாழ 5 லிட்டர்தான். அந்த 5 லிட்டர்தான் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கால எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிளாக் வார்ப்பிரும்பு. சாகாவின் எஞ்சினும் அப்படித்தான்: பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமாக இருந்தால், ஒரே தண்ணீரில் மூன்று நான்கு உலோகங்கள் ஊறிக் கிடக்கின்றன. இரும்புக்கும் தண்ணீருக்கும் உள்ள பகை உலகறிந்தது. நடுவில் சமாதானம் பேச ஆள் இல்லையென்றால் துரு கிளம்பிவிடும்.

பள்ளியில் ஆணிச் சோதனை செய்தது நினைவிருக்கிறதா? ஒரு குழாயில் சாதாரணத் தண்ணீரில் ஆணி. இன்னொன்றில் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், அதன்மேல் எண்ணெய்ப் படலம், உள்ளே ஆணி. முதல் ஆணி துருப்பிடிக்கும். இரண்டாவது அப்படியே இருக்கும். தண்ணீர் மட்டும் இருந்தால் போதாது, அதில் கரைந்த பிராணவாயுவும் வேண்டும் என்பதுதான் பாடம். தேர்வுக்குப் படித்ததோடு மறந்துவிட்டோம். ஆனால் கார் எஞ்சினில் நடப்பது முழுக்க முழுக்க இதுதான்.

எஞ்சினுக்குள் ஒருமுறை தண்ணீர் ஊற்றி இறுக மூடிவிட்டால், அதில் இருக்கிற பிராணவாயு தீர்ந்ததும் துருப்பிடிக்கிற வேகமும் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் பழைய வண்டி எங்கே இறுக மூடிக்கொண்டிருக்கிறது? ஹோஸ் முனையில் ஒரு சொட்டு, பம்ப் அச்சில் ஒரு சொட்டு. வாரம் ஒரு முறை அரை லிட்டர் குறைகிறது. நாம் குழாயைத் திறந்து அரை லிட்டர் ஊற்றுகிறோம். ஊற்றுகிற ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கிற துருவுக்குப் புதுப் பிராணவாயுவைப் பரிமாறுகிறோம். மாமா பாசத்தோடு வாராவாரம் செய்தது அதைத்தான். ஆக, துருத் தண்ணீரைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எப்படிக் கழுவுவது" என்பதல்ல. "தண்ணீர் எங்கே போகிறது" என்பதுதான். ஒழுக்கை அடைக்காமல் கழுவினால் ஆறு மாதத்தில் மறுபடி தே தாரிக்.

ரேடியேட்டர் மூடியும் இதில் கூட்டாளி. அதை வெறும் மூடி என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்குள் இரண்டு வால்வுகள். ஒன்று உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். பல ஜப்பானிய மூடிகளில் 0.9 என்று போட்டிருப்பது அந்த அழுத்தத்தின் அளவு. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் கொதிக்கும். இன்னொரு சின்ன வால்வு, எஞ்சின் ஆறும்போது பக்கத்து போத்தலிலிருந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்ச வழி விடும். ரப்பர் காய்ந்துபோன மூடி தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். ஆணிச் சோதனையின் முதல் குழாய்தான் மறுபடியும். துரு கழுவுகிற அன்றே மூடியையும் மாற்றிவிடுங்கள். மொத்த வேலையில் மலிவான சாமான் அதுதான்.

சரி, துரு இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? துரு இரும்பைப் போலச் சூட்டைக் கடத்தாது. சிலிண்டர் சுவரில் துருப் படிந்தால் எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தியது போலத்தான். அதோடு, துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உதிர்ந்து, தண்ணீரோடு ஓடி, ஓட்டம் குறைந்த இடத்தில் வண்டலாகத் தங்கும். பம்புக்கு எட்டத்தில் இருக்கும் கடைசி சிலிண்டரைச் சுற்றியும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் அது சேறாகப் படிவதைப் பார்க்கலாம். முள் மட்டும் சரியாகக் காட்டிக்கொண்டிருக்க, அந்த ஒரு சிலிண்டர் தனியாக வெந்துகொண்டிருக்கும். ஆயர் ஈத்தாமிலிருந்து பாயா தெருபோங் மேட்டைச் சாதாரணமாக ஏறுகிற வண்டி, பாலிக் பூலாவ் மலைப்பாதையில் நான்கு பேரோடு ஏறும்போது மட்டும் திணறினால் இதையும் சந்தேகப்படலாம்.

கழுவுவதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பழுப்பாக இருப்பதெல்லாம் துரு அல்ல. ஒரு சொட்டை எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். மணல் போல நறநறத்தால் துரு. வழுவழுவென்று வழுக்கி, மைலோ நுரை மாதிரி இருந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது. அப்படியானால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போயிருக்கலாம், அல்லது ஆட்டோ கியர் எண்ணெயை ஆற்றும் குழாய் ரேடியேட்டருக்குள் உடைந்திருக்கலாம். அதற்குக் கழுவுவது வைத்தியமே அல்ல, நேராகப் பட்டறைக்குப் போங்கள். இன்னொரு குழப்பம், தண்ணீரோடு கலந்து ஊற்றுகிற கூலண்ட் திரவங்களில் சில இயல்பாகவே சிவப்பு அல்லது ஆரஞ்சு. ஒரு கண்ணாடி போத்தலில் பிடித்து இரவு முழுக்க ஆடாமல் வைத்தால் தெரிந்துவிடும். துரு அடியில் தங்கும், சாயம் தங்காது. எங்கள் போத்தலில் காலையில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சேறு நின்றது. அதற்குப் பிறகு மாமாவும் வாதாடவில்லை.

இனி வேலை. பிறையில் ஒரு பட்டறை அண்ணனிடம் நின்று பார்த்து, அப்புறம் நானே இரண்டு வண்டிகளுக்குச் செய்தது இது. அவர் நிறத்தை வைத்தே கணக்குச் சொல்வார். "முதல்ல கோப்பி ஓ வரும். அப்புறம் தே தாரிக். அப்புறம் தே ஓ. ஆயர் கோசோங் வர்ற வரைக்கும் நிறுத்தாதே." கறுப்புக் காப்பி, பால் தேநீர், பாலில்லாத் தேநீர், கடைசியில் வெறும் தண்ணீர். மாமாக் கடை என்கிற இந்திய முஸ்லிம் உணவுக்கடையின் பட்டியலை இவ்வளவு உபயோகமாக யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

எஞ்சின் கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். இதில் மட்டும் அவசரம் கூடாது. அழுத்தத்தில் 110 டிகிரியில் இருக்கிற தண்ணீர், மூடி திறந்த நொடியில் ஆவியாக மாறி முகத்தில் அடிக்கும். அதே போல, சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சினால் இரும்பு விரிசல் விடலாம். முதல் நாள் இரவே வண்டியை நிறுத்திவைத்துக் காலையில் தொடங்குவது நல்லது.

ரேடியேட்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து, கீழ் ஹோஸைக் கழற்றித் தண்ணீரை வடியுங்கள். இதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். வண்டல் அதிகம் உட்கார்ந்திருப்பது ரேடியேட்டரைவிடப் பிளாக்கில்தான். பல எஞ்சின்களில் பிளாக்கின் பக்கவாட்டில் கீழே ஒரு வடிகால் திருகு இருக்கும். அதைக் கழற்றினால் பாதி நேரம் ஒரு சொட்டும் வராது. திருகு தவறோ என்று சந்தேகப்படுவோம். துளையே சேற்றால் அடைத்திருக்கும். கம்பியால் குத்திக் கிளறினால் முதலில் ஒரு கட்டி விழும், பிறகு கோப்பி ஓ கொட்டும். மனநிறைவான காட்சி அது.

அடுத்தது தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்துவிட்டு, அதன் கூட்டை மட்டும் திரும்ப மாட்டுவது. மேல் ஹோஸை ரேடியேட்டரிலிருந்து கழற்றி, தோட்டத்துக் குழாயை அதில் நுழைத்துத் துணியைச் சுற்றி, தண்ணீரை மேலிருந்து கீழாகப் பாய்ச்ச வேண்டும். எஞ்சின் ஓடும்போது தண்ணீர் போகிற திசைக்கு எதிர்த்திசை இது. ஒரே பக்கமாகப் படிந்த சேறு எதிர்ப்பக்கம் தள்ளினால் எளிதாகக் கிளம்பும். ரேடியேட்டரைத் தனியாக, அதுவும் தலைகீழாக, கீழ்வாயில் குழாயை வைத்துக் கழுவுங்கள். இரண்டையும் இணைத்துவைத்துக் கழுவினால் பிளாக்கின் சேறு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். குழாயை முழு வேகத்தில் திறக்காதீர்கள். பழைய ரேடியேட்டர் ஈய ஒட்டில் நிற்கிறது, தண்ணீரின் முழு வேகத்தை அது தாங்காது.

இப்படி வெறும் தண்ணீரால் ஒட்டாத சேறு போய்விடும். சுவரில் ஒட்டிய துரு போகாது. அதற்குத்தான் புளிப்பு வேண்டும். நம் வீட்டில் கார்த்திகைக்குக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதில்லையா? புளியில் இருக்கும் அமிலம் களிம்பைக் கரைக்கிறது, பித்தளையை விட்டுவிடுகிறது. எஞ்சினுக்குப் புளியைக் கரைத்து ஊற்ற வேண்டாம், சக்கை அடைத்துக்கொள்ளும். கேக் சாமான் விற்கிற கடையில் சீனி மாதிரி வெள்ளையாகக் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் அதே வேலையை அழகாகச் செய்யும். எலுமிச்சையின் புளிப்பும் இதுதான். துருவைப் பிடித்துத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளும், அதனால் மறுபடி கட்டியாகப் படியாது.

5 லிட்டர் தண்ணீருக்கு நான் 200 கிராம் போட்டேன். முதலில் வெந்நீரில் தனியே கரைத்து, கழற்றிய ஹோஸ்களையும் திருகுகளையும் திரும்ப மாட்டி, பிறகு ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, சூடு ஏறிய பின் இருபது நிமிடம். முள்ளின் மேல் கண் இருக்கட்டும். அப்புறம் நிறுத்தி, ஆறவிட்டு, வடித்துவிட வேண்டும். இரவு முழுக்க ஊறினால் இன்னும் நன்றாகப் போகும் என்ற ஆசை வரும். வேண்டாம். ஹெட் அலுமினியம் என்பதை மறந்துவிடக்கூடாது. துரு தீர்ந்த பிறகு அமிலத்துக்கு வேறு தீனி வேண்டும். ஒரு தடவை போதவில்லை என்றால், அதே அளவில் இன்னொரு தடவை செய்வதே மேல்.

சிலர் கழிவறை கழுவுகிற அமிலத்தையும், சிங்க் அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவையும் பரிந்துரைப்பார்கள். முதலாவது நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்னும். இரண்டாவது அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். என் நண்பர் ஒருவர் ஒரு பட்டறையில் என்ன மருந்து என்று கேட்காமலே கழுவக் கொடுத்தார். தண்ணீர் பளபளவென்றுதான் வந்தது. ஒரு மாதத்தில் வாட்டர் பம்பின் அலுமினியக் கூட்டில் ஓட்டை. எந்த மருந்து என்று கேட்பது நம் உரிமை.

அமிலத்தை வடித்ததும் நிறையத் தண்ணீரால் அலசுங்கள். கடைசிக்கு முந்தைய அலசலில் இரண்டு மூன்று கரண்டி சமையல் சோடா கலந்தால் மிச்ச அமிலம் அடங்கும். அலசாமல் சோடாவைப் போட்டால் நுரைத்துப் பொங்கும், கவனம்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. அமிலத்தில் குளித்த இரும்பு, உரித்த ஆப்பிள் மாதிரி. காற்றும் தண்ணீரும் பட்டால் சில மணி நேரத்தில் மறுபடி ஆரஞ்சு நிறமாகிவிடும். சனிக்கிழமை கழுவிவிட்டு, கூலண்டை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் செய்த வேலை வீண். கூலண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

"நம்ம ஊர்ல பனியா கொட்டுது, கூலண்ட் எதுக்கு?" என்று மாமா கேட்டார். பலரும் கேட்பார்கள். கூலண்டில் முக்கியமாக இருப்பது எத்திலீன் கிளைக்கால். அது உறையாமல் காக்கும் என்பது உண்மை, நமக்கு அது தேவையில்லை என்பதும் உண்மை. ஆனால் அதோடு கலந்திருக்கும் துருத் தடுப்பு மருந்துகள்தான் நமக்கு வேண்டியவை. அவை உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்து, நான் முன்பு சொன்ன சமாதானத்தைப் பேசுகின்றன. மருந்து நாளடைவில் தீர்ந்துபோகும். பழைய பச்சை வகைக்கு இரண்டு ஆண்டுக் கணக்கு. நீண்ட நாள் வகைகளுக்கு ஐந்து ஆண்டு வரை சொல்வார்கள். நிறம் மாறாமல் இருக்கிறதே என்று விட்டுவிடக்கூடாது, சாயம் இருக்கும்போதே மருந்து தீர்ந்திருக்கும். இரண்டு வகைகளைக் கலக்கவும் வேண்டாம்.

கலக்கத் தண்ணீர் எது? குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லதுதான், ஆனால் அதில் குளோரின் உண்டு, உப்புகள் உண்டு. கடையில் பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் கிடைக்கும். அது போதும். பேட்டரி அமிலம் வேறு, பேட்டரித் தண்ணீர் வேறு. லேபிளைப் படித்து வாங்குங்கள்.

அளவில் பலர் ஏமாறுவது இங்கேதான். எவ்வளவு வடித்தாலும் பிளாக்கின் மூலைகளில் அலசிய தண்ணீர் தங்கிவிடும். 5 லிட்டர் கொள்ளும் வண்டியில் ஒன்றரை லிட்டர் உள்ளே தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை லிட்டர்தான் இடம். பாதிக்குப் பாதி கலந்த கூலண்டை ஊற்றினால், மொத்தத்தில் கூலண்டின் பங்கு 35 விழுக்காடுதான் வரும். அதனால் கலக்காத கெட்டிக் கூலண்டை வாங்கி, முதலில் இரண்டரை லிட்டரை அப்படியே ஊற்றிவிட்டு, மீதி ஒரு லிட்டருக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். கணக்கு நேராகிவிடும். உங்கள் வண்டியின் கொள்ளளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுவது பற்றி ஒரு சண்டையே உண்டு. "வெயில் ஊர்ல அது எதுக்கு, கழற்றி எறி" என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது 82 டிகிரியை ஒட்டித் திறக்கிற ஒரு கதவு. கதவே இல்லையென்றால் எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடச் செலவாகும், எண்ணெயில் ஈரம் சேரும். புதிதாக ஒன்றை வாங்கி, அதில் இருக்கும் சின்ன ஆடுகிற ஊசி மேல்பக்கம் வரும்படி மாட்டுங்கள். காற்று வெளியேற அதுதான் வழி. மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, குமிழிகள் நின்று, விசிறி ஒருமுறை சுற்றி நிற்கும் வரை கூலண்டை நிரப்பிக்கொண்டே இருங்கள்.

வடித்த பழைய தண்ணீரைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். கிளைக்கால் இனிக்கும். பூனையும் நாயும் நக்கிவிட்டுச் செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அது நஞ்சுதான். மூடியுள்ள பழைய போத்தலில் ஊற்றி, கழிவெண்ணெய் எடுக்கிற பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கழுவிய மறுவாரம் எங்காவது ஒழுகினால் ஆச்சரியப்பட வேண்டாம். பிளாக்கின் பக்கத்தில் தகட்டு வில்லைகள் அடித்திருப்பார்கள், வெல்ஷ் பிளக் என்பது அவைதான். உள்ளிருந்தே துரு தின்று காகிதமாகிப்போன வில்லையை, அந்தத் துருவேதான் அடைத்துவைத்திருக்கும். கழுவினால் ஓட்டை வெளியே தெரியும். எங்கள் வண்டியில் எஞ்சினுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில் ஒன்று சொட்ட ஆரம்பித்தது. வில்லையின் விலை சில வெள்ளிதான். அதை எட்டுவதற்குத்தான் அண்ணனுக்கு அரை நாள் ஆயிற்று. "கழுவாம விட்டிருந்தா ஒழுகியிருக்காதே" என்று மாமா முணுமுணுத்தார். அண்ணன் கழற்றிய வில்லையை அவர் உள்ளங்கையில் வைத்து, விரலால் அழுத்தச் சொன்னார். விரல் மறுபக்கம் வந்தது.

இன்னொரு சின்ன வித்தை. மேல் ஹோஸ் ரேடியேட்டரில் நுழையும் இடத்தில், பழைய நைலான் காலுறைத் துண்டைப் பை போல உள்ளே விட்டு, ஓரத்தை வெளியே மடித்துக் கிளிப்பை இறுக்கினால், பிறகு உதிர்கிற துருத் தூள் அதில் சிக்கும். இரண்டு மூன்று நாளில் கழற்றிப் பார்த்துவிடுங்கள், நிறைந்தால் அதுவே அடைப்பாகிவிடும். எங்கள் பையில் முதல் முறை ஒரு தேக்கரண்டித் தூள் இருந்தது, ஒரு வாரம் கழித்து இரண்டாவது முறை ஒரு சிட்டிகை. மூன்றாவது முறை ஒன்றுமில்லை, காலுறையை எடுத்துப் போட்டுவிட்டோம். மாமா இப்போதும் வாராவாரம் மூடியைத் திறந்து பார்க்கிறார், ஊற்றத்தான் ஒன்றும் இல்லை.